1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் ஆறாம் வகுப்புக்குப் பின்னத்தை எங்கிருந்து தொடங்குவது?

சிலேட்டுக்குச்சி

அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பு, 40 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. பின்னக் கூட்டலில் விடாமல் வரும் தவறு ஒன்றுதான்: 1/2 + 1/3 = 2/5. மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டிவிடுகிறார்கள். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) கண்டுபிடித்து, கீழே இருக்கும் எண்ணான பகுதியைச் சமப்படுத்தும் வழியைக் கரும்பலகையில் பத்துக் கணக்குப் போட்டுக் காட்டினால் அன்றைக்குச் சரியாகச் செய்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் மறுபடியும் 2/5.

அதே வழிமுறையை இன்னும் அதிகமாகப் பயிற்சி கொடுப்பதா, அடியிலிருந்து வேறு மாதிரித் தொடங்குவதா? துணைக்கருவி என்றால் சுவரில் தொங்கும் சார்ட் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இருக்க வேண்டும், செலவும் பெரிதாக ஆகக்கூடாது.

எண்கோடு

டீச்சர், பயிற்சி குறைவால் வரும் தவறு இல்லை இது. அந்தப் பிள்ளைக்கு 1/2 என்பது இன்னும் ஓர் எண்ணாகவே ஆகவில்லை. ஒன்று, இரண்டு என்று இரண்டு எண்கள், நடுவில் ஒரு கோடு. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு இரண்டு எண்களாகத் தெரிந்தால் தனித்தனியாகக் கூட்டத்தானே தோன்றும்?

இதற்கு நாமும் ஒரு காரணம். வட்டத்தை நான்காகப் பிரித்து மூன்றுக்கு நிறம் அடித்த படத்தை அச்சிட்டே கொடுக்கிறோம். நிறம் அடித்தது எத்தனை, மொத்தம் எத்தனை என்று பிள்ளை எண்ணி எழுதிவிடும். அங்கே நடப்பது எண்ணிக்கை. சமமாகப் பிரிக்கும் வேலையைப் பிள்ளை செய்யவே இல்லை.

செய்ய வேண்டியது காகிதப் பட்டை. ஏ4 தாளின் அளவு 21 செ.மீ. × 29.7 செ.மீ. நீளப் பக்கத்தில் 24 செ.மீ. விட்டு மீதியை வெட்டி எடுத்துவிடுங்கள். அகலத்தில் 3 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டால் சரியாக ஏழு பட்டைகள் கிடைக்கும். ஒன்று முழுசு; மற்ற ஆறும் 2, 3, 4, 6, 8, 12 பாகங்களுக்கு. ஒரு பிள்ளைக்கு ஒரு தாள், வகுப்புக்கு 40 தாள். வெட்டிய 5.7 செ.மீ. துண்டை வீசிவிடாதீர்கள், பின்னால் அட்டை எழுத உதவும்.

24 செ.மீ. எதற்கென்றால், இந்த ஆறு எண்களாலும் அது மீதியில்லாமல் வகுபடும். பாகங்களின் நீளம் வரிசையாக 12, 8, 6, 4, 3, 2 செ.மீ. வழக்கமாக 20 செ.மீ. அல்லது 30 செ.மீ. பட்டை எடுக்கிறார்கள். 20-ல் மூன்றில் ஒன்று வராது, 30-ல் எட்டில் ஒன்று 3.75 செ.மீ. ஆகிவிடும், ஸ்கேலில் குறிக்கும்போது தப்பும்.

முதல் இரண்டு பாடவேளை வரைக்கும் துண்டாக வெட்ட விடாதீர்கள். மடித்து, மடிப்பின் மேல் கோடு போட்டு, ஒவ்வொரு பாகத்திலும் 1/4, 1/4 என்று எழுதட்டும். வெட்டிவிட்டால் முழுசு கையைவிட்டுப் போய்விடும். அதன்பின் 1/4 என்பது எதில் கால் என்ற கேள்வியே எழாது. கூட்டலுக்கு வரும்போது நால்வருக்கு ஒரு செட் வீதம் தனியாக வெட்டிக் கொடுத்தால் போதும்.

இப்போது உங்கள் கணக்கு. 1/2 துண்டையும் 1/3 துண்டையும் முனையோடு முனை வைக்கச் சொல்லுங்கள். 12 + 8 = 20 செ.மீ. இந்த நீளத்தை எந்தப் பட்டையின் பாகம் மீதியில்லாமல் அளக்கிறது என்று தேட விடுங்கள். கால் துண்டு மூன்று வைத்தால் 18, நான்கு வைத்தால் 24, பொருந்தாது. எட்டில் ஒன்றும் பொருந்தாது. ஆறில் ஒன்று ஐந்து வைத்தால் அச்சாக உட்காரும். அதற்குப் பிறகு 2/5-ஐ எடுங்கள். 24 செ.மீ.யில் ஐந்தில் இரண்டு 9.6 செ.மீ. அரைத் துண்டு மட்டுமே 12. அரையோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு அரையைவிடக் குறையுமா? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு, நீங்கள் பேசாமல் இருங்கள். பதில் அவர்களிடமிருந்து வரட்டும்.

மலையோரக்கணக்கு

எண்கோடு சார் சொல்வது சரிதான். ஆனால் மூன்று சிக்கல்கள். பட்டையை மூன்றாக மடிக்கும்போது பாதிப் பிள்ளைகளுக்குக் கோணலாகிறது. ஸ்கேல் வைத்துக் குறித்தால் கடைசிப் பாகம் சின்னதாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதற்கே நான்கைந்து பாடவேளை போனால் பாடத்திட்டத்தை எப்படி முடிப்பது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2/5 என்ற தவறு படத்தால் மட்டும் வருவதில்லை. விடைத்தாளைப் பாருங்கள். முதல் தேர்வில் 7/10, இரண்டாவதில் 8/10, மொத்தம் 15/20 என்று நாமே சிவப்பு மையில் கூட்டி எழுதித் தருகிறோம். மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டும் முறையைப் பிள்ளை மாதாமாதம் நம் கையெழுத்திலேயே பார்க்கிறது.

எண்கோடு

மதிப்பெண் விஷயம் மிக முக்கியம் சார். அதை மறைக்காமல் வகுப்பில் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். மதிப்பெண்ணில் முழுசு மாறுகிறது: பத்து, இன்னொரு பத்து, சேர்த்து இருபது. பட்டையில் முழுசு அதே 24 செ.மீ.தான். 'எதில்?' என்ற கேள்விக்குப் பதில் மாறினால் அது வேறு கணக்கு. 7/10 + 8/10 பட்டையில் 15/10, அதாவது ஒன்றரை. மதிப்பெண்ணில் 15/20, அதாவது முக்கால். இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் வித்தியாசம் பிடிபடும்.

மூன்றாக மடிக்க: தட்டையாக மடிக்க வேண்டாம். பட்டையை 'எஸ்' வடிவில் தளர்வாக வளைத்து, இரண்டு ஓரமும் வளைவுகளோடு நேராக வரும் வரை நகர்த்தி, அப்புறம் நகத்தால் அழுத்த வேண்டும். ஆறு வேண்டுமானால் மூன்றை இரண்டாக மடிக்கலாம், பன்னிரண்டுக்கு இன்னொரு தடவை. முதலில் மூன்று, பிறகு பாதி. இந்த வரிசையை மாற்றினால் தடித்த தாளை மூன்றாக மடிக்க வேண்டிவரும், அங்கேதான் கோணல் வரும்.

ஸ்கேலில் கடைசிப் பாகம் சின்னதாவது, ஒவ்வொரு பாகத்தையும் முந்தைய கோட்டிலிருந்து அளப்பதால். பன்னிரண்டு பாகத்தில் ஒவ்வொரு தடவையும் 1 மி.மீ. கூடினால் முடிவில் 12 மி.மீ. தப்பும், அதாவது பாதிப் பாகத்துக்கு மேல். ஸ்கேலின் சுழியைப் பட்டையின் முனையில் வைத்து, எடுக்காமலேயே 2, 4, 6, 8 என்று எல்லாவற்றையும் குறித்துவிட வேண்டும். முனை தேய்ந்த ஸ்கேல் என்றால் 1 செ.மீ. கோட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

ஐந்து, ஏழு போன்ற மடிக்க முடியாத எண்களுக்குக் கோடு போட்ட தாளே போதும். 8 மி.மீ. இடைவெளியுள்ள ஏ4 தாளில் மேலே ஒரு கோட்டைச் சுழி என்று வைத்து, 5, 10, 15, 20, 25-ஆவது கோடுகளை மட்டும் தடிப்பாக்குங்கள். பட்டையின் ஒரு முனை சுழிக் கோட்டிலும் மறுமுனை 25-ஆவது கோட்டிலும் படும்படி சாய்த்து வைத்தால், நடுவில் உள்ள நான்கு தடித்த கோடுகளும் பட்டையைச் சரியாக ஐந்தாகப் பிரிக்கும். ஏழுக்கு 3, 6, 9 என்று 21-ஆவது கோடு வரை. சம இடைவெளி இணைகோடுகள் எந்தச் சாய்ந்த கோட்டையும் சமமாகவே வெட்டும். பத்தாம் வகுப்பில் அடிப்படை விகிதசமத் தேற்றமாக இதே விஷயம் திரும்ப வரும்.

பாடவேளைக் கணக்கு: பட்டைக்கு இரண்டு, எண்கோட்டுக்கு ஒன்று, கூட்டலுக்கு ஒன்று. நான்கு போகும், மறுக்கவில்லை. ஆனால் தசமம், சதவீதம், விகிதம் மூன்றுக்கும் இதே பட்டைதான். நோட்டு அட்டைக்குள் ஓர் உறை ஒட்டி, பட்டையின் பின்னால் வரிசை எண் எழுதி வைத்தால் வருஷம் முழுக்க வரும்.

வீசம்

வாசிக்கும் முறையைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் இடையில் வருகிறேன்.

3/4-ஐ வகுப்பில் இரண்டு விதமாக வாசிக்கிறோம்: 'மூன்று பை நான்கு', 'நான்கில் மூன்று'. முதலாவது மேலிருந்து கீழே போகிறது, இரண்டாவது கீழிருந்து மேலே. 'நான்கில் மூன்று எழுது' என்றதும் காதில் முதலில் விழும் நான்கைப் பிள்ளை மேலே எழுதிவிடும். 4/3 வந்துவிட்டது என்று திட்டுகிறோம். பிள்ளை கேட்ட வரிசையில்தான் எழுதியிருக்கிறது.

'நான்கில் மூன்று' என்பதையே நிலையாக வைத்துக்கொண்டு எழுதும் வரிசையை மாற்றலாம். முதலில் கோடு, பிறகு கீழே பகுதி, கடைசியில் மேலே தொகுதி. முதலில் நான்காகப் பிரி, அப்புறம் மூன்றை எடு. பட்டையில் கை செய்யும் வேலையும் இதே வரிசைதான். 'பை' என்ற சொல் எதைப் பிரிக்கிறோம் என்பதையே சொல்லாது.

இன்னொன்று, வீட்டில் புழங்கும் சொற்களை வகுப்புக்குள் விடுங்கள். முக்கால் என்றாலே மூன்று கால். மூன்று பழம், மூன்று ரூபாய் போல மூன்று கால். 'கால்' ஓர் அலகு ஆகிவிட்டால் கால் + கால் எவ்வளவு என்று கேட்டு எட்டில் இரண்டு என்ற பதிலை ஒரு பிள்ளையிடமும் வாங்க முடியாது. அரை என்று சொல்லிவிடும். அதே பிள்ளை தாளில் 1/4 + 1/4 = 2/8 என்று எழுதும். இரண்டையும் ஒரே பலகையில் மோதவிட வேண்டும்.

'ஏ' என்ற இடைச்சொல்லைக் கவனியுங்கள். ஒன்றே கால் என்றால் 1 + 1/4. காலே அரைக்கால் என்றால் 1/4 + 1/8 = 3/8. ஏ வந்தால் கூட்டல். ஏ இல்லாமல் ஒட்டி நின்றால்? அரைக்கால் என்பது காலில் அரை, 1/2 × 1/4 = 1/8. பின்னப் பெருக்கல் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. (ஒன்றரை, இரண்டரை போன்றவையும் மாகாணியும் விலக்கு. ஒன்றரை என்றால் 1 + 1/2. மா 1/20, காணி 1/80, இரண்டும் கூடினால் 5/80, அதாவது 1/16. அங்கே ஏ இல்லாமலே கூட்டல்.) பெரியவர்கள் இன்றும் 'முக்காலே மூணு வீசம்' என்கிறார்கள். வீசம் 1/16. முக்கால் 12/16, அதோடு 3/16, ஆக 15/16. கிட்டத்தட்ட முழுசு என்ற பொருளில் அது ஏன் வழங்குகிறது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளை பட்டையில் வைத்தே பார்த்துவிடலாம். 24 செ.மீ. பட்டையில் வீசம் 1.5 செ.மீ., முழுசு ஆவதற்குக் குறைவது அந்த ஒரு துண்டுதான்.

வடமராட்சியான்

வணக்கம். இங்கே இலங்கைப் பாடநூலில் சொற்கள் கொஞ்சம் வேறு. உங்கள் தகு பின்னம் (ஒன்றைவிடச் சிறியது) எங்களுக்கு முறைமைப் பின்னம், சமான பின்னம் (1/2, 2/4 போல மதிப்பு ஒன்றானவை) எங்களுக்குச் சமவலுப் பின்னம். பிள்ளைகள் விடும் பிழை மட்டும் ஒன்றேதான்.

கத்தரிக்கோலுக்கும் தாளுக்கும் வழியில்லாத வகுப்புக்குச் சதுரக் கொப்பி (கட்டம் போட்ட நோட்டு) போதும். 1/3 + 1/4 என்ற கணக்கைக் கொடுத்து, 'எத்தனை சதுர நீளத்துக்குப் பட்டை கீறினால் மூன்றாகவும் பிரிக்கலாம், நான்காகவும் பிரிக்கலாம்?' என்று மட்டும் கேளுங்கோ. சிலர் 10 கீறி மாட்டுப்படுவார்கள், அதுவும் தேவை. 12 கீறியவர்களுக்கு மூன்றில் ஒன்று 4 சதுரம், நான்கில் ஒன்று 3 சதுரம், மொத்தம் 7, ஆகவே 7/12. யாராவது 24 கீறியிருந்தால் 8 + 6 = 14, 14/24. அதையும் சரியென்று எழுதிவிட்டு, 7/12-உம் 14/24-உம் ஏன் ஒரே நீளம் என்று பேசலாம். பட்டையின் நீளத்தைப் பிள்ளை தானே தீர்மானிக்கிற அந்த இடத்தில்தான் பொது மடங்கு என்ற எண்ணம் பிறக்கிறது. பெயரைப் பிறகு சொல்லலாம்.

எண்கோடு சேர், உங்களிடம் ஒரு கேள்வி. பட்டையில் நிற்கிற பிள்ளை எண்கோட்டுக்கு வரும்போது தடுமாறுகிறது. பட்டையில் 3/4 ஒரு நீளம், கோட்டில் 3/4 ஒரு புள்ளி. அதை எப்படிக் கடக்கிறீர்கள்?

எண்கோடு

பட்டையைக் கோட்டின் மேலேயே படுக்க வையுங்கள் ஐயா. இடது முனை சுழியில், வலது முனை எங்கே முடிகிறதோ அந்தப் புள்ளிக்கு 3/4 என்று பெயர். நாலைந்து தடவை இப்படி வைத்தபின் பட்டையை எடுத்துவிடலாம்.

வகுப்பு முழுவதற்கும் கயிறு. ஒன்று என்பது 2.4 மீட்டர், பட்டையைப் போலப் பத்து மடங்கு. சுழியிலிருந்து 2 வரை 4.8 மீட்டர். கட்டாயம் 2 வரை வேண்டும். 0-இலிருந்து 1 வரை மட்டும் கட்டினால் 5/4 அட்டையைக் கையில் வாங்கிய பிள்ளை 'இது இல்லாத எண்' என்று சொல்லும். சணல் கயிறு நல்லது, நைலான் இழுத்தால் நீளும். பிள்ளைகளின் நெஞ்சு உயரத்தில் இழுத்துக் கட்டி, துணி மாட்டும் கிளிப்பால் அட்டையை மாட்டச் சொல்லுங்கள். கட்ட இடமில்லையென்றால் வராந்தாவில் சாக்பீஸ் கோடே போதும்.

அட்டைகளின் வரிசையில்தான் பாடமே இருக்கிறது. முதலில் 1/2, 3/2. பிறகு 3/4, 5/4. அதன்பின் 2/4: ஏற்கெனவே 1/2 தொங்கும் இடத்திலேயே இதுவும் வந்து நிற்கும், கீழே கோத்து மாட்ட வேண்டும். சமான பின்னம் என்றால் ஒரே ஆணியில் இரண்டு பெயர்ப்பலகை. கடைசியில் 5/6, 7/8. இரண்டிலும் ஒன்றுதான் குறைகிறது, எனவே சமம் என்று பல பிள்ளைகள் வாதிடுவார்கள். கயிற்றில் 5/6 சுழியிலிருந்து 2 மீட்டர், 7/8 அதற்கும் 10 செ.மீ. தள்ளி. குறைவது ஒரு பாகம்தான்; அந்தப் பாகம் ஒன்றில் 40 செ.மீ., மற்றதில் 30 செ.மீ.

கவனிக்க வேண்டிய தவறு: நான்காகப் பிரி என்றால் 0-க்கும் 1-க்கும் நடுவே நான்கு கோடு போடுவார்கள், ஐந்து பாகம் வந்துவிடும். கோட்டை எண்ணாதே, தாவலை எண்ணு என்று சொல்லி, விரலால் சுழியிலிருந்து தாவித் தாவிப் போகச் செய்ய வேண்டும்.

சிலேட்டுக்குச்சி

மிக்க நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். 40 பேரில் யாருக்குப் பிடிபட்டது, யாருக்கு இல்லை என்பதை அதே பாடவேளையில் எப்படித் தெரிந்துகொள்வது? கை தூக்குகிறவர்கள் எப்போதும் அதே ஆறேழு பேர்தான்.

மலையோரக்கணக்கு

உங்கள் பெயரிலேயே விடை இருக்கிறது டீச்சர். சிலேட்டு. கேள்வி கேட்டதும் எழுதி, மார்போடு கவிழ்த்து வைக்க வேண்டும். மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். ஒரு நொடி முன்பின் ஆனாலும் பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து அழித்து எழுதுவார்கள், அதனால் எண்ணுவதில் கண்டிப்பு வேண்டும்.

எந்தக் கேள்வி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தப்பான விடை வந்தால், என்ன நினைத்துத் தப்பு செய்தான் என்பது அந்த விடையிலேயே தெரிய வேண்டும். 3/7, 3/8 எது பெரியது? 3/8 என்றால் பகுதியை முழு எண்ணாகப் பார்க்கிறான். 0-இலிருந்து 4 வரை கோடு போட்டு அதில் 1/2-ஐக் குறிக்கச் சொல்லுங்கள். 2-இல் குறித்தால், அரை என்பதைக் கோட்டின் பாதி என்று எடுத்துக்கொள்கிறான். 1/2 அவனுக்கு இன்னும் எண் இல்லை. சமமில்லாத மூன்று பாகத்தில் ஒன்றுக்கு நிறம் அடித்துவிட்டு, இது 1/3-ஆ என்று கேளுங்கள். ஆமென்றால் எண்ணிக்கையோடு நிற்கிறான்.

கடைசியாக ஒன்று: 12/13 + 7/8 ஏறத்தாழ எவ்வளவு? 1, 2, 19, 21 இவற்றில் எது? கணக்குப் போடக்கூடாது. 1978-இல் அமெரிக்காவின் தேசிய அளவிலான தேர்வில் 13 வயது மாணவர்களுக்குக் கொடுத்த கேள்வி இது. 2 என்ற சரியான விடையைத் தேர்ந்தெடுத்தவர்கள் 24 சதவீதம்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் 19, 21 பக்கம் போனார்கள், அதாவது தொகுதிகளைக் கூட்டினார்கள் அல்லது பகுதிகளைக் கூட்டினார்கள். இரண்டு எண்ணும் ஒன்றை ஒட்டி இருக்கின்றன என்று பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு இது பத்து நொடி வேலை.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தப்பான சிலேட்டு தெரிந்தால் அடுத்ததற்குப் போக வேண்டாம், பட்டைக்குத் திரும்புங்கள். நாலைந்து பேர் மட்டும் என்றால் மற்றவர்களுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு அவர்களை முன்பெஞ்சுக்கு அழைக்கலாம்.

பட்டையை எப்போது விடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் எண்கோடு சார் கொஞ்சம் தாராளம். தேர்வில் 5/12 + 7/18 வரும், அதற்குப் பட்டை கிடையாது. பகுதி 12-க்குள் இருக்கும் கூட்டலைப் பட்டையைத் தொடாமல் சொல்ல ஆரம்பித்த அன்றே மீ.சி.ம. முறையை எழுதிக் காட்டிவிடலாம். பிறகு கூட்டல், கழித்தல், பெருக்கல் கலந்து பத்துக் கணக்கு. விடை வேண்டாம், பகுதியைச் சமப்படுத்த வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரே வகையைப் பத்துத் தடவை போட்டவன், பெருக்கலுக்கும் மீ.சி.ம. கண்டுபிடித்துக்கொண்டிருப்பான்.

எண்கோடு

ஒப்புக்கொள்கிறேன் சார். கூட்டலுக்கு அந்த எல்லை சரி. வகுத்தலுக்கு மட்டும் பட்டையை மறுபடி வெளியே எடுங்கள் என்பேன். தலைகீழாக்கிப் பெருக்கு என்று நேரடியாகச் சொன்னால் எதைத் தலைகீழாக்குவது என்பதே மறந்துபோகிறது.

வீசம்

வகுத்தலையும் நம் பேச்சிலேயே கேளுங்கள். 1/2 ÷ 1/8 என்று எழுதாமல், 'அரையில் எத்தனை அரைக்கால்?' நான்கு என்று உடனே வரும். முக்காலில் எத்தனை அரைக்கால்? ஆறு.

சிலேட்டுக்குச்சி

மீதி வரும் கணக்குக்கு? 1 ÷ 2/3 என்றால் பட்டையில் என்ன செய்வது?

எண்கோடு

அங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும். முழுப் பட்டை 24, மூன்றில் இரண்டு 16 செ.மீ. ஒரு தடவை வைத்தால் 8 செ.மீ. மிஞ்சும். பிள்ளை என்ன சொல்லும்? 'ஒன்றும், மூன்றில் ஒன்றும்' என்று சொல்லும். மிஞ்சிய துண்டு முழுசில் மூன்றில் ஒன்றுதானே, அதனால் அந்தப் பதிலுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்டது, மூன்றில்-இரண்டுத் துண்டு எத்தனை தடவை போகும் என்பது. மிஞ்சிய 8 செ.மீ.யை எடுத்து அந்த 16 செ.மீ. துண்டின் மேல் வைக்கச் சொல்லுங்கள். பாதியை மூடும். ஒன்றரைத் தடவை, 3/2.

இந்த ஒரு கணக்குக்குத் துண்டின் பின்புறத்தில் பென்சிலால் 'அளவு' என்று எழுதிவிடுங்கள். மிஞ்சியதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று கை தானாக அதைத் தேடும். அடுத்தது 3/4 ÷ 1/2 கொடுங்கள். 18 செ.மீ.யில் 12 ஒரு தடவை போகும், மிஞ்சுவது 6. இங்கேயும் பல பேர் 'ஒன்றே கால்' என்பார்கள். 'அளவு' என்று எழுதிய துண்டின் மேல் வைத்தால் ஒன்றரை. விடை 3/2 இரண்டிலும் வருவதால் சந்தேகப்படுவார்கள். அதனால் மூன்றாவதாக 5/6 ÷ 1/2 போடுங்கள்: 20-இல் 12 ஒரு தடவை, மிஞ்சும் 8 அந்த 12-இல் மூன்றில் இரண்டு. 5/3.